விதிப்படி ஒரு குரல்

“வணக்கம். அரசு விதிப்படி அறிவிக்கிறோம். உங்களுடன் பேசுவது மனிதர் அல்ல, செயற்கை நுண்ணறிவு.”

“தெரியும், மேல சொல்லு,” என்றார் ராயபுரத்தில் தனியாக வசிக்கும் அருள்பிரகாசம்.

“மாத்திரை போட்டீர்களா?”

“ஆச்சு. நானே மீன் கொழம்பு வெச்சேன். வாயில வெக்க முடியல.”

“மகளிடம் பேசலாமே?”

“என்னை மீறிக் கண்ணாலம் கட்டிகினு போனவ. போன் பண்ணா கட் பண்ணிடுவேன்.”

“அவ்வளவு கோபமா?”

“மனுசங்க கேட்டா ஆமான்னுவேன். நீ மெசினு, வெளிய சொல்ல மாட்டே. அந்த ரூலு போட்டவன் நல்லா இருக்கணும். தெனம் சர்ச்சு பூசைல அவளுக்குத்தான் வேண்டிக்கிறேன்.”

அவர் போனைத் தட்டிப் பார்த்தார்.

“இன்னா, லைன்ல கீறியா?”

“இருக்கிறேன். நாளை அழைக்கிறேன்.”

வியாசர்பாடியில் ஹெப்சிபா அலைபேசியைக் கீழே வைத்தாள். விதி வந்ததும், இயந்திரம் என்று தெரிந்து பலரும் அழைப்பைத் துண்டித்ததால், தனியாக இருக்கும் முதியவர்களை அழைத்து விசாரிக்கும் அந்தச் சேவையையே கம்பெனி மூடிவிட்டது. அப்பாவுக்கு அது தெரியாது. அன்றிலிருந்து அவர் அறியாத ஓர் எண்ணிலிருந்து அவளே அழைக்கிறாள்; அவள் தட்டச்சு செய்வதை அலைபேசி அதே போன்ற குரலில் படிக்கிறது.

“இவ்ளோ சொல்றாரே, நேர்ல போயேன்,” என்றான் கணவன் பீம்ராவ்.

“மெசின்கிட்ட சொன்னத நான் கேட்டுட்டேன்னு தெரிஞ்சா, அப்புறம் அதுகிட்டயும் பேச மாட்டாரு.”