நேரில் பார்த்தாயா?

தோழர்களே, வாருங்கள்! செய்யூர் அருகே நடந்த இந்த அநீதிக்கு நீங்களே சாட்சியாகுங்கள்!

தேநீர்க் கடையில் குடிநீர்த் துறை அதிகாரி சதாசிவம் முழங்கிக்கொண்டிருந்தார். "நிலாவுல மனுஷன் எறங்கினதே பொய்! காத்தே இல்லாத எடத்துல கொடி எப்படிய்யா ஆடும்?"

"படம் கீதே சார்," என்றார் கடைக்காரர் ரஞ்சித்குமார்.

"படத்த எவன் வேணா எடுப்பான். நீ நேர்ல பாத்தியா?"

காலிக் குடத்தோடு நின்ற பூங்கொடிக்கு உயிர் வந்தது. படத்தை நம்பாத மனிதர்! உப்புத்தண்ணீர் குடிக்கும் தன் பிள்ளைகளுக்கு இனி விடிவுதான்.

"அப்ப எங்க வூட்டாண்ட வந்து பாருங்க சார். குடிநீர்த் திட்டத்து ஆளுங்க குழாய மாட்னாங்க, படம் புடிச்சாங்க, கையோட கழட்டி அடுத்த வூட்ல படம் புடிக்க எடுத்துனு பூட்டாங்க."

சதாசிவம் கைப்பேசியைத் திறந்தார். "உன் மனுவ விசாரிக்கத்தாம்மா என்னை அனுப்பியிருக்காங்க. இதோ உன் வாசல், குழாய், பக்கத்துல நீ. படமே இருக்கு, நேர்ல எதுக்கு வரணும்?"

மனுவை அங்கேயே முடித்துவைத்து வண்டியைக் கிளப்பினார்.

"நிலாவுக்கே மனுஷன் போய்ட்டான். இவரு ரெண்டு தெரு தாண்டி வரல பாரு!" என்றார் ரஞ்சித்குமார்.

தோழர்களே, நாளைக் காலை அவருடைய அலுவலக வாசலில் காலிக் குடங்களோடு திரளுங்கள். பூங்கொடியின் வாசலுக்கு அவர் நடந்து வரும்வரை நகராதீர்கள்!