செல்லத்தை அழைக்கும் ஒலி

மதியத்துக்குள் ஒரு ஆவுளியாவாவது தலை காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்தக் கடற்பசுக்களுக்கான சரணாலயம் நாளையோடு ரத்து.

"வழக்கமான ஒலியைப் போடுங்க டாக்டரம்மா. உங்க செல்லம் ஓடி வந்துரும்," என்றார் படகோட்டி இபுராம்சா.

டாக்டர் அமுதவல்லி தயங்கினார். இருபத்து மூன்று வருடங்களுக்கு முன், வலையில் சிக்கிச் செத்த ஒரு குட்டி கடைசியாக எழுப்பிய கீச்சொலியின் பதிவு அது. வருடா வருடம் கணக்கெடுப்பின்போது அதை நீருக்கடியில் ஒலிக்கவிடுவார். ஒரு பெண் ஆவுளியா தவறாமல் படகைத் தேடி வரும். 'மனிதரோடு பழகும் இனம்' என்று எழுதித்தான் அவர் டாக்டர் பட்டமே வாங்கியிருந்தார்.

விலங்குமொழிக் கருவி நேற்றுதான் வந்து சேர்ந்தது. முதல் வேலையாக அந்த ஒலியைக் கொடுத்துப் பார்த்திருந்தார். திரையில் இரண்டே சொற்கள்: 'அம்மா, எங்கே?'

"நேரமாச்சும்மா," என்றார் இபுராம்சா.

அமுதவல்லி பொத்தானை அழுத்தினார்.

நாலாவது நிமிடம் சாம்பல் நிற முதுகு ஒன்று படகை ஒட்டி எழுந்தது. படகைச் சுற்றிச் சுற்றி வந்து, அடிப்பலகையை முகர்ந்து முகர்ந்து தேடியது. பிறகு மெல்லக் கீச்சிட்டது.

மடியிலிருந்த கருவி ஒளிர்ந்தது: 'இங்கேதான் இருக்கேன். வா.'

அமுதவல்லி ஒலியை நிறுத்தினார். ஆவுளியா நிறுத்தவில்லை.

கண்ணாடி கொண்டுவராத இபுராம்சா திரையை எட்டிப் பார்த்தார். "என்னம்மா சொல்லுது?"

"ஒண்ணுமில்ல," என்றார் அமுதவல்லி, தண்ணீரைப் பார்க்காமல். "பதிவேட்டுல ஒண்ணுன்னு எழுதிக்கிறேன்."