காலிப் பெட்டி

“புகார்ப் பெட்டி வெச்சு மூணு வருஷமாச்சு மேடம். இதுவரைக்கும் ஒரு துண்டுச் சீட்டுகூட விழுந்ததில்ல!” தையல் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, ஆய்வுக்கு வந்த பெண் அதிகாரியிடம் மேனேஜர் பெருமையடித்துக்கொண்டார்.

“பெண்களுக்குத் தொந்தரவு ஏதாவது?”

“எல்லாம் நம்ம வீட்டுப் பொண்ணுங்க மாதிரி மேடம். தோள்ல தட்டித் தட்டித்தான் வேலை வாங்குவேன். அவ்வளவு பாசம்!”

மெஷின்களில் இருந்த பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. ஊசிகள் மட்டும் சற்று வேகமாக ஓடின.

“அந்தப் பெட்டியைப் பார்க்கலாமா?”

“ஓ, வாங்க!” மேனேஜர் முன்னால் நடந்துபோய்த் தன் அறைக் கதவைத் திறந்தார். அவருடைய நாற்காலிக்கு நேர் பின்னால் பளபளவென்று தொங்கியது பெட்டி.

“இதுல புகார் போடணும்னா?”

“கதவைத் தட்டி, என்ன விஷயம்னு என்கிட்ட சொல்லிட்டு, தாராளமா போடலாம். நான் யாரையும் தடுத்ததே இல்ல மேடம்!”

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். “கழட்டித் தூக்கிட்டு வாங்க. பெண்கள் ஓய்வறையில மாட்டிடலாம். சாவி இனிமே என்கிட்ட இருக்கட்டும்.”

மேனேஜர் பெட்டியைச் சுமந்துகொண்டு கூடத்தைக் கடந்தார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“அக்கா,” என்றது ஒரு குரல், “பேனா இருக்கா?”