கமலம்மா விடுப்பெடுத்த நாள்

"நாலு மணிக்குள்ள வலுவான ஆன்டிபாடி ஒண்ணாவது காட்டணும் தேவயானி. இல்லேன்னா ப்ராஜெக்டை மூடச் சொல்லிட்டாங்கம்மா," என்றார் பேராசிரியர் நாகேந்திரன்.

"கடைசிச் சுற்றோட முடிவு இன்னிக்கு வந்துடும் சார்," என்றேன். கண்ணாடிவிரியன் கடித்துக் காலை இழந்த என் நைனாவுக்காகவே திருப்பதியில் நஞ்சுமுறி மருந்து தேடும் இந்த வேலையில் சேர்ந்திருந்தேன்.

விரியன் நஞ்சைக் கரைசலில் விட்டு, அதைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகளைச் சுமந்த ஃபேஜ் எனும் நுண்ணிய வைரஸ்களை நஞ்சோடு சேர்த்துக் காந்த மணிகளால் பிடிப்போம். அமிலம் ஊற்றியதும் மணிகளை விட்டு வெளிவருபவற்றை வளர்ப்போம். மீந்த மணிகளை உதவியாளர் கமலம்மா கொட்டிவிடுவார். இரண்டு ஆண்டுகளாகக் கிடைத்தவை அனைத்தும் வலுவற்றவையே.

சென்ற வாரம் செய்த கடைசிச் சுற்றின் முடிவு மூன்றரை மணிக்குத் திரையில் தோன்றியது.

"நூறு மடங்கு வலு! நஞ்சை விடவே மாட்டேங்குதே! புதுசா என்னம்மா செஞ்சே?"

"ஒண்ணுமில்ல சார்."

கடைசிச் சுற்று என்பதால் அன்று அழுதுகொண்டே வேலை செய்தேன். கமலம்மாவும் விடுப்பில் இருந்தார். வேறொன்றும் நினைவில்லை.

அப்போது கமலம்மா ஒரு குழாயுடன் வந்தார். "பாப்பா, நான் வராத அன்னிக்கு நீ மீத்து வெச்ச குழா இது. கொட்டலாம்னு பாத்தா உள்ள மணியே இல்ல. வெறும் தண்ணிதான் கீது."

குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அப்படியானால் நான் மாற்றி எடுத்து வளர்த்தது மணிகளை! அமிலத்துக்கும் அசையாமல் நஞ்சை இறுகப் பற்றியவை அவற்றிலேயே தங்கியிருந்தன.

"இதுவரைக்கும் எத்தனை தடவை மணியைக் கொட்டியிருப்பீங்க, கமலம்மா?"

"முப்பது தபா இருக்கும் பாப்பா," என்றார் பெருமையுடன். "ஒண்ணுகூட வுடாம சுத்தமா கழுவி ஊத்திட்டேன்."