செவலையின் கழுத்துப்பட்டை

எங்கள் பசு செவலை மூன்று நாளாகத் தீவனத்தைத் தொடவில்லை. மாட்டின் மனதைப் பேச்சாக்கும் என்று ஒரு கம்பெனி விற்ற கழுத்துப்பட்டை மட்டும், "நான் நல்லா இருக்கேன்" என்று அதன் சார்பில் சொல்லிக்கொண்டே இருந்தது.

"மாடே சொல்லுது, உனக்கென்ன சந்தேகம்?" என்றார் கணவர்.

எனக்கு அந்தக் குரலே பிடிக்கவில்லை. ஆட்டிசம் உள்ள எங்கள் மகள் பூவிழி பேசமாட்டாள். செவலையின் கழுத்தருகே போனவள் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு பட்டையை அவிழ்த்து வீசினாள். செவலை தலையை உதறிவிட்டுத் தீவனத்தில் வாய் வைத்தது.

பட்டையைக் காதில் வைத்துப் பார்த்தேன். அவர்கள் இருவரையும் வதைத்த சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

பூவிழியின் மணிக்கட்டிலும் அதே கம்பெனிப் பட்டைதான். இரண்டு வருடமாக அவளுக்காக அதுதான் பேசுகிறது. அதை அவள் பிறாண்டுவதை வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன். கொக்கியில் கை வைத்தேன்.

"கழட்டாதீங்கம்மா, நான் சந்தோஷமா இருக்கேன்" என்றது பட்டை.

பூவிழி கையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நீட்டினாள்.