கொக்கியில் வந்த கார்

"என்னண்ணே, கட்டிக்கொடுத்த பொண்ணு மறுபடியும் பொறந்த வீட்டுக்கே வந்துட்டா போலிருக்கே!"

பக்கத்துப் பட்டறை வெல்டர் சொல்லிவிட்டுச் சிரித்தான். மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். இழுவை வண்டியின் கொக்கியில் மூக்கைக் கொடுத்தபடி அந்தப் பழைய பச்சைக் கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"வாயை மூடுடா. என் வேலையில குறை இல்ல. வாங்கினவரு புத்தியிலதான் குறை."

"ஊர் அப்படிப் பேசலியே. டாக்டரம்மா அவங்க பழைய காரை எதிர்ப்பட்டறைக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க. உங்க கை பட்டா வண்டி படுத்துடுமாம்ல?"

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. பழைய கார் என்றால் இவர் கைதான் என்று பேர் வாங்க அரை ஆயுசு போயிருக்கிறது. அந்தப் பேரை இந்த ஒரு வண்டி கறையான் மாதிரி அரித்துக்கொண்டிருந்தது.

பச்சைக் காருக்குச் சொந்தக்காரர் ஒரு குழாய்க் கம்பெனி முதலாளி. ஊரில் அவருக்குப் பேர் ராக்கெட். போன வருஷம்வரை தரையோடு படுத்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்தான் வைத்திருந்தார். சத்தம் காதில் விழுவதற்குள் ஆள் தெருவைத் தாண்டியிருப்பார். டிரைவர் பேச்சை எடுத்தாலே, "டிரைவர் வச்சுக்கிறவன் பாதி மனுஷன்யா" என்பார். அப்பேர்ப்பட்டவர் திடீரென்று அதைத் தள்ளிவிட்டு, தாத்தா காலத்துக் கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். "புதுக் கார்ல என்ன இருக்கு? இதுலதான்யா உசுரு இருக்கு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு.

உசுராம், உசுரு! இருக்கிறவன் கந்தலைக் கட்டினால் அது நாகரிகம். இல்லாதவன் கட்டினால் அது கந்தல்.

சரி, ஆசைப்பட்டு வாங்கினாரே, ஓட்டினாரா? "ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க முதலாளி" என்றால், "வீட்டுல கொண்டாந்து விட்டுடு" என்பார். விட்டுவிட்டு வந்தால் மறுநாள் வண்டி கிளம்பாது. ஒரு தடவை ஒயர் கழன்று கிடந்தது. இன்னொரு தடவை பெட்ரோலில் தண்ணீர். முதலாளி வாடகைக் காரில் ஏறிக் கம்பெனிக்குப் போவார். போகிற இடமெல்லாம் மெக்கானிக்கின் பேரை நாறடிப்பார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திமிரைத்தான் தாங்க முடியவில்லை. முன்பு தெருவில் கண்டால் காரை நிறுத்திக் கையைத் தூக்கிய மனிதர், இப்போது எதிரில் நின்று கும்பிட்டாலும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போகிறார். கெட்டுப்போன சாமானை எடுத்து நீட்டினால், "காட்டாதேய்யா, வாயில சொல்லு" என்கிறார். எண்ணெய்க் கையைப் பார்த்தாலே அழுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்னவோ!

இழுவை வண்டியின் முன்சீட்டிலிருந்து இறங்கிய முதலாளி, இறங்கின சூட்டில் கழிவு ஆயில் தட்டில் காலை வைத்தார்.

"நடக்கிற வழியில தட்டை வைக்கிறதுதான் உன் லட்சணமா?"

"தட்டு எப்பவும் அங்கதான் இருக்கு முதலாளி. நீங்கதான் மேல பார்த்துக்கிட்டு வர்றீங்க."

வெல்டர் சிரிப்பை அடக்க முடியாமல் தன் பட்டறைக்குள் ஓடினான். இழுவை வண்டிக்காரனும் கொக்கியைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே சுழலும் சின்னத் துண்டு, ரோட்டர், அதைக் காணோம். அது இல்லாவிட்டால் பிளக்கில் பொறி வராது, வண்டி செத்த பிணம்தான். ஒயர் தானாகக் கழலும். தண்ணீரும் எப்படியோ இறங்கும். மூடிக்குள் இருக்கிற துண்டு எழுந்து காலாற நடந்து போகுமா?

எதிர்ப்பட்டறைக்காரன் வேலைதான்! அவருக்கு உச்சி கொதித்தது.

"முதலாளி, உங்க ஷெட்டுக்குள்ள எவனோ புகுந்து கைவரிசை காட்டுறான். என் பொழப்புல மண்ணைப் போடத்தான். இப்பவே போலீசுக்குப் போறேன். என் மேல தப்பில்லன்னு ஊருக்குத் தெரியணும்."

"போலீசா?" முதலாளியின் குரல் பொசுக்கென்று இறங்கியது. "பக்கத்துல வேற யாராவது இருக்காங்களா?"

"நான் ஒருத்தன்தான் இருக்கேன். எங்களையெல்லாம்தான் நீங்க ஆளாவே மதிக்கிறதில்லையே!"

"போலீஸ் வேணாம். கழட்டினது நான்தான்."

மெக்கானிக்குக்குப் பேச்சு மரியாதையைத் தாண்டி வந்தது. "இவ்வளவு கொழுப்பா உங்களுக்கு? ஜம்முனு ஓடின காரை வித்துட்டு, ஓடாம வைக்கிறதுக்குன்னே ஒரு காரு! அதுக்கு என் பேரு பலியா? உங்க விளையாட்டுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"ஓடாம வைக்கத்தான்யா வாங்கினேன். புதுக் காரு தினம் கெட்டுப்போகுதுன்னா எவன் நம்புவான்? இது ஓடலைன்னா உலகம் காரைத் திட்டும், உன்னைத் திட்டும். நான் ஏன் ஓட்டலைன்னு யோசிக்காது. யோசிச்சா, நாளைக்கே என் மருமகன் கம்பெனியில என் நாற்காலியில உக்காந்துடுவான்."

முதலாளி பாக்கெட்டுக்குள் கையை விட்டு ரோட்டரை எடுத்தார். "கேக்கிறது தப்புதான். ஆனா இதை நீயே வச்சுக்க, மாட்டாதே" என்று சொல்லி, சுவரில் ஆணியில் தொங்கிய எண்ணெய்ச் சட்டையிடம் அதை நீட்டினார், சட்டைக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தையே பார்த்தபடி.