ஞாயிற்றுக்கிழமைக் கடல்

வத்சலா கொண்டுபோன கேன் தண்ணீரைக் குப்பியில் ஊற்றி, இரண்டு சொட்டு மருந்து விட்டார் வளர்ப்பு மீன் கடை ஜெயசீலன். தண்ணீர் மஞ்சளானது.

"குளோரின். கடல் தண்ணியில குளோரின் ஏது அக்கா? குழாய்த் தண்ணியில சமையல் உப்பைக் கரைச்சிருக்காங்க. மீன் சாகாம என்ன செய்யும்?"

"எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை தவறாம கடலுக்கே போய்த் தொட்டிக்குத் தண்ணி பிடிச்சிட்டு வர்றாருப்பா. காலையில போனா மத்தியானம்தான் வருவாரு."

ஜெயசீலன் குப்பியைக் கழுவினார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பத்மநாபன் கேனோடு வீட்டுக்குள் வந்தார்.

"கடல் எப்படிங்க இருந்துச்சு?"

"சரியான அலை. முட்டி வரைக்கும் நனைச்சிடுச்சு, பாரேன்."

பேண்ட் நனைந்துதான் இருந்தது. வத்சலா குனிந்தாள். அந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பே இல்லை.

"என்னடி பண்றே?"

தொட்டியில் மிச்சமிருந்த ஒற்றைக் கோமாளி மீன், கேனைப் பார்த்துக் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"ஊத்தட்டுமா?" என்றார் அவர்.

"ஊத்தலாம். கேன்ல உப்பு போட்டது யாரு? நீங்களா, அந்த வீட்டுல இருக்கிறவங்களா?"